அலுவலகத்துக்கு நாயை அழைத்து வர அனுமதிப்பது எப்படி?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் இயங்கும் எங்கள் அலுவலகத்தில் இருபத்தாறு பேர் பணியாற்றுகிறோம். நிர்வாகப் பொறுப்பை நான் கவனித்து வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், கணக்குப் பிரிவில் உள்ள சகோதரி ஒருவர், கணவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் பகல் முழுவதும் வீட்டில் நாய் தனியாகக் கிடந்து ஊளையிடுகிறது என்றும், அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள் என்றும் சொல்லி, அதை அலுவலகத்துக்கு அழைத்து வரலாமா என்று கேட்டார். ஒரு சொல்லில் முடித்துவிடலாம் என்று நான் நினைத்த அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை காண இரண்டு மாதம் ஆனது. அப்போது கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு செய்த திருத்தங்களையும், இங்கும் கடலூரிலும் சிறு அலுவலகம் நடத்துவோருக்குப் பயன்படும் வகையில் எழுதுகிறேன்.

‘பரவாயில்லை’ என்ற சொல்லைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்

நான் செய்த முதல் தவறு, திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இதைக் கேட்டதுதான். முதலாளி ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தார். எல்லோரும் “பரவாயில்லை சார்” என்றார்கள். அந்த வாரமே நாய் வந்தது. அமைதியான நாட்டு நாய், ஐந்து வயதுப் பெட்டை, பெயர் சிட்டு. காலை எட்டரைக்கே வந்து கூட்டிப் பெருக்கித் துடைத்துவிடும் எங்கள் துப்புரவு அக்கா, அன்று ஒன்பதரை மணியாகியும் வாசற்படியையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பம் சுத்தமான சிமெண்டுத் தரையில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. “உள்ளே வரலையா அக்கா?” என்று கேட்டதற்கு, “நாய் எங்க இருக்குது சார்?” என்று மட்டும் கேட்டார். பிறகு, தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது சொன்னார்: “நீங்க எல்லாரும் சரின்னு சொல்லும்போது நான் மட்டும் எப்படி சார் வேணாம்னு சொல்றது?”

பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஏழு வயதில் அவரை நாய் கடித்திருக்கிறது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டிருக்கிறார்கள். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்தப் பழைய தடுப்பூசியின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நிறுத்தப்பட்டது. ஆகவே முப்பது வயதைத் தாண்டிய எவர் உடம்பிலும் அந்த ஊசிகளின் நினைவு இருக்கலாம். அந்த அச்சத்தை “அது ஒண்ணும் பண்ணாது” என்ற மூன்று சொற்களால் போக்கிவிட முடியாது. அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும்போது நம் ஊரில் வருகிற ‘பரவாயில்லை’ பெரும்பாலும் மரியாதையைக் காட்டுவதே தவிர விருப்பத்தைக் காட்டுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். சிட்டுவை அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம்.

சரியான முறை இதுதான். பெயர் எழுதாத துண்டுச் சீட்டைக் கொடுங்கள். அதில் மூன்று விடைகள் போதும்: சம்மதம், நான் வேலை செய்யும் இடத்துக்கு வராமல் இருந்தால் சம்மதம், வேண்டாம். காரணம் கேட்கும் வரியைச் சேர்க்காதீர்கள். சீட்டைப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுவோருக்கு, அவர்களுக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவர் படித்துக் காட்டட்டும். துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஓட்டுநர், தேநீர் கொண்டு வருபவர், ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் வருபவர்கள் ஆகிய அனைவருக்கும் சீட்டு உண்டு. சொல்லப்போனால் முதல் சீட்டு அவர்களுக்குத்தான், ஏனென்றால் நாய் சிறுநீர் கழித்தால் துடைக்கப்போவதும், வாசலில் அதை முதலில் எதிர்கொள்ளப்போவதும் அவர்களே.

‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு சீட்டு வந்தால் என்ன செய்வது? அந்த ஒருவர் நாயின் பக்கமே போகாமல் முழு நாளும் வேலை செய்யும்படி இடத்தைப் பிரிக்க முடியுமானால் மேலே செல்லலாம்; முடியாதென்றால் அனுமதி கிடையாது என்பதே என் உறுதியான கருத்து. இதைப் பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கக் கூடாது. நாய்க்கு வேறு ஏற்பாடு தேட உரிமையாளருக்கு வழி உண்டு. வேலையை விட்டுவிட்டுப் போக அந்த ஒருவருக்கு வழி இல்லை.

வேண்டாம் என்பதற்கு அச்சம் மட்டும் காரணமாக இருப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நாயின் எச்சிலிலும் தோல் செதில்களிலும் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தருகிறது. முடி குட்டையான நாய் என்பதால் பிரச்சினை இல்லை என்று சொல்வது தவறு. கதவு சன்னல்களைச் சாத்தி ஏசி ஓடும் அறையில் அந்தத் துகள்கள் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். சமயக் காரணமும் உண்டு: நம் கடற்கரையோர ஊர்களில் இஸ்லாமியச் சட்டநெறிப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்கள் பலர் இருக்கிறார்கள், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்களது முறை. தொழுகைக்கு ஒதுங்கும் இடத்திலும் உடையிலும் நாய் உரசிவிட்டால் அவருக்கு அந்த நாளே சிக்கலாகிவிடும். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லும் நிலைக்குத் தள்ளாமல், நாம் முன்கூட்டியே அறிந்து இடத்தை ஒழுங்கு செய்வதுதான் நாகரிகம்.

இடத்தைப் பிரித்தல்

எங்கள் கட்டடத்தில் பின்பக்கம் தனி வாசலும் சிறிய முற்றமும் உண்டு. நாய் வரும் வழி, இருக்கும் அறை, வெளியே போகும் வழி ஆகிய மூன்றையும் அந்தப் பின்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். முன்கூடம், மாடிப்படி, சாப்பாட்டு அறை, பூசை மாடம், மேல்தளம் முழுவதும் நாய் வராத பகுதிகள். நாய் இருக்கும் அறையின் ஏசி வேறு எந்த அறைக்கும் காற்றைக் கொண்டுசெல்லாத தனி ஏசியாக இருக்க வேண்டும். கதவில் இடுப்பளவு உயரத்துக்கு மரத் தடுப்பு ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொண்டோம். வழவழப்பான டைல்ஸ் தரையில் நாயின் கால்கள் வழுக்கும், வயதான நாய்க்கு இடுப்பே பிசகிவிடும்; ஆகவே தென்னைநார்ப் பாய்கள் இரண்டை விரித்தோம்.

உங்கள் அலுவலகம் ஒரே கூடமாக, தடுப்பில்லாமல் இருந்தால், தயவுசெய்து இத்திட்டத்தை எடுக்காதீர்கள். மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கத்துக் கடைகளின் மாடியில் ஒற்றைப் படிக்கட்டோடு இயங்கும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தாது. உணவு தயாரிக்கும் இடம் உள்ள நிறுவனத்தில் அந்தப் பகுதிக்குள் விலங்குகளை விடுவதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம்தருவதில்லை. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் இயந்திரமோ இரசாயனமோ உள்ள எந்தக் கூடத்துக்கும் நாயைக் கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

எழுத்தில் இருக்க வேண்டியவை

கட்டட உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்பு விலங்கு கூடாது என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாய் வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பதை உங்கள் நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ, கடலூர் என்றால் மாநகராட்சியிலோ, நாயின் உரிமையாளரே நேரில் கேட்டுத் தாள் கொண்டுவர வேண்டும். நாயை அடக்கி வைக்கத் தவறி மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளையும்படி அலட்சியமாக இருந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுபுறம், நாயை நியாயமற்ற நேரம் மிகக் குட்டையான சங்கிலியில் கட்டிப்போடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். மேசைக்காலில் ஒரு முழக் கயிற்றில் கட்டிவிட்டு எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாயின் உரிமையாளர் கையெழுத்திடும் ஒரு பக்கத் தாளில், நாய் செய்யும் சேதத்துக்கும் யாருக்காவது காயம் ஏற்பட்டால் ஆகும் மருத்துவச் செலவுக்கும் அவரே பொறுப்பு என்பதையும், நிர்வாகம் எந்த நாளிலும் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் முதலில் பணம் கட்டுவதும் அலுவலகத்தின் கடமையாக இருக்கட்டும். கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

எந்த நாய் வரலாம்

வெறிநோய்த் தடுப்பூசிதான் முதல் நிபந்தனை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, அதன் பின் மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசி. வாய்ச்சொல்லை ஏற்காமல், மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளும் மருத்துவரின் கையெழுத்தும் உள்ள அட்டையின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஊசியின் தேதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் பரவும் என்பதால், அதற்கான தடுப்பூசியும் அட்டையில் இருக்க வேண்டும். அட்டை முழுமையாகாத குட்டிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வரக் கூடாது. குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை புதுச்சேரிவாசிகளுக்கு நல்ல வாய்ப்பு. ஒரு முழு உடல் பரிசோதனையை அங்கே முடித்துக்கொண்டு வரச் சொல்லலாம்.

நம் கடற்கரை ஈரத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் விடாது. மாதம் ஒருமுறை உண்ணி மருந்து இட்டதற்கான குறிப்பைக் கேளுங்கள். அதோடு, உள்ளே விடும் முன் காதின் உள்மடிப்பையும் கால்விரல் இடுக்கையும் உரிமையாளர் வாசலிலேயே விரலால் தடவிப் பார்க்கட்டும். மிளகளவு பருத்த ஓர் உண்ணி கிடைத்தாலும் அன்று அந்த நாய் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருக்கும் இரண்டு மூன்று வாரம் வரவே கூடாது. தெருவில் உள்ள ஆண் நாய்கள் எல்லாம் வாசலில் கூடிவிடும், பிறகு காவலாளியால் கதவைத் திறக்க முடியாது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, அந்த நாய்க்கு அலுவலகம் பிடிக்கிறதா என்பது. வால் ஆட்டுவதை மட்டும் வைத்து மகிழ்ச்சி என்று முடிவு செய்யாதீர்கள். தூக்கம் வராத நேரத்தில் அடிக்கடி கொட்டாவி விடுவது, உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கு இடையே செருகிக்கொள்வது ஆகியவை அது சங்கடப்படுவதன் அறிகுறிகள். உறுமினால் அதட்டாதீர்கள், உறுமல் என்பது அது தரும் முன்னறிவிப்பு, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை அறிவிப்பின்றிக் கடிக்கும். எங்களிடம் விண்ணப்பித்த மூன்று நாய்களில் ஒரு ராஜபாளையம், தன் உரிமையாளர் எழுந்து நகர்ந்தாலே நடுங்கியது. இரண்டாம் நாளிலேயே அதை நிறுத்திவிட்டோம். உரிமையாளர் வருந்தினார், ஆனால் அந்த நாய் அன்று மாலை வண்டியில் ஏறிய வேகத்தைப் பார்த்ததும் அவரே ஒப்புக்கொண்டார்.

வெயிலும் பயணமும்

நம் ஊரில் நாய் அலுவலகம் வருவதில் பெரிய ஆபத்து, கடி அன்று, வெப்பம். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். மனிதரைப் போல உடம்பெங்கும் வியர்த்துத் தணிய அதற்கு வழியில்லை, மூச்சிரைத்துத்தான் தணிய வேண்டும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த மூச்சிரைப்பும் முழுமையாக வராது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஒன்பதுக்கு முன் வந்து சேர வேண்டும், மாலை ஆறுக்கு முன் கிளம்பக் கூடாது என்று விதி வைத்தோம். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் பொறுக்காது. நிறுத்தி வைத்த காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. பத்தே நிமிடத்தில் உள்வெப்பம் வெளியைவிட ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் நாயை நிறுத்தி ஓட்டி வரும் வழக்கம் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. ஒரு தெரு நாய் குரைத்தால் அது குதித்துவிடும். ஆட்டோவில் வாருங்கள்.

மின்தடை ஏற்பட்டு ஏசி நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். நாய் இருக்கும் அறையின் மின்விசிறியை இன்வெர்ட்டரில் இணைப்பது எளிய வழி. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே வயிற்றிலும் பாதங்களிலும் நீரை ஊற்றிக் காற்றில் வைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். மே மாத நண்பகலில் மேல்நிலைத் தொட்டி நீர் கையைச் சுடும் என்பதால், நிழலில் ஒரு வாளி நீரை எப்போதும் நிரப்பி வைத்திருங்கள்.

சோதனை நாட்களும் அன்றாட ஒழுங்கும்

ஒரே நாய், வாரத்தில் ஒரு நாள், நான்கு வாரம் என்று தொடங்குங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், எங்கள் அலுவலகத்தில் அன்று மாலை மணியடித்துக் கற்பூரம் காட்டுவோம், ஜும்ஆ தொழுகைக்குச் செல்வோரும் உண்டு. நாங்கள் புதன்கிழமையைத் தேர்ந்தோம். வெளியாள் வரும் நேரங்களைக் குறித்துக்கொள்வது மிக அவசியம். இரண்டாவது புதன்கிழமை, தண்ணீர் கேன் போடும் தம்பி 20 லிட்டர் கேனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். கேன் முகத்தை மறைத்துக்கொண்டிருந்ததால் தன் காலடி அவருக்குத் தெரியவில்லை. சிட்டு ஆசையோடு ஓடிப்போய் அவர் கால்களுக்கிடையில் நுழைந்தது. கேன் விழுந்து உடைந்து அறை முழுக்கத் தண்ணீர். அவர் முழங்கால் சிராய்த்தது. நாய் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் தவறு முழுக்க எங்களுடையது. அன்றிலிருந்து தண்ணீர் கேன், குரியர், சிலிண்டர் எல்லாம் முன்வாசல் வழியாக மட்டும். வாசலில், எல்லோருக்கும் தெரியும் உயரத்தில், ‘இன்று அலுவலகத்தில் நாய் உள்ளது, மணியடித்துக் காத்திருக்கவும்’ என்று தமிழில் பலகை மாட்டுகிறோம்.

தெருவில் இருக்கும் நாய்களையும் மறந்துவிடாதீர்கள். அது அவற்றின் இடம். புதிதாக வரும் நாயை அவை எதிர்ப்பது இயல்பு. நடத்தி அழைத்து வராமல், வண்டி சுற்றுச்சுவருக்குள் வந்து கதவு சாத்திய பிறகே இறக்குங்கள். சிறுநீர் கழித்துவிட்டால் துடைப்பது உரிமையாளரின் வேலை, துப்புரவுப் பணியாளரின் வேலை அன்று. இதை விதியாகவே எழுதி வையுங்கள். சிறுநீரின் மேல் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் நெடியான வாயு எழும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மற்றது. ஃபினாயில் போட்ட தரை காயும் வரை நாயை விடக் கூடாது.

பிறந்தநாள், பண்டிகை என்றால் அலுவலகத்தில் தின்பண்டம் நிறைய வரும். சாக்லெட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் சாம்பாரில் வேகும் சின்ன வெங்காயமும் இதில் அடங்கும். உரிமையாளரைத் தவிர வேறு எவரும் எதையும் ஊட்டக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுவதும், வடகிழக்குப் பருவமழையில் தெருவில் நீர் தேங்கும் நாட்களிலும், நாய் வீட்டில்தான். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. அப்படிப்பட்ட நீரில் நடந்து வந்த காலோடு ஒரு நாய் அறைக்குள் வந்தால் எலிக்காய்ச்சலையும் அழைத்து வரக்கூடும்.

கடித்துவிட்டால்

கடி, கீறல், காயத்தின் மேல் நக்குதல் எதுவாக இருந்தாலும், ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதறும்போது இரண்டு நிமிடமே நெடுநேரமாகத் தோன்றும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது, இறுகக் கட்டவும் கூடாது. அன்றே ஜிப்மருக்கோ அரசுப் பொது மருத்துவமனைக்கோ, கடலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ செல்லுங்கள். ஊசி இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். ஆழமான கடியானால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் தருவார்கள். ‘நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கிறதே’ என்று யாரும் தாமதிக்க இடம் தராதீர்கள்; வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற ஏறத்தாழ வழியே இல்லை. நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும், அதன் அனுமதி அன்றோடு நிற்க வேண்டும். இந்தப் பத்தியை அச்சிட்டு முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பலன் என்று முதலாளிகள் கேட்பார்கள். அமெரிக்காவில் 1999 முதல் ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையை நாயை வேலைக்கு அழைத்துச் செல்லும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2012-இல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பாத்திர விற்பனை நிறுவனத்தில் செய்த ஆய்வில், நாயை உடன் கொண்டுவந்தவர்கள் தாங்களே குறித்த மன அழுத்தம் பகல் போகப் போகக் குறைந்ததையும், மற்றவர்களுடையது கூடியதையும் கண்டார்கள். எங்கள் கணக்குப் பிரிவுச் சகோதரி மதிய உணவுக்கு வீட்டுக்கு ஓடுவதை நிறுத்தியதும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் நிம்மதியாக இருந்ததும் எனக்குப் போதுமான பலன்.

துப்புரவு அக்கா இப்போதும் சிட்டுவைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்வதும் இல்லை. புதன்கிழமைகளில் பின்அறையை அவர் துடைக்க வேண்டியதில்லை என்பது விதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புதிதாகச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, அதே பெயரில்லாச் சீட்டை மீண்டும் கொடுக்கிறோம். ஒரு ‘வேண்டாம்’ வந்து, இடத்தைப் பிரித்தும் தீர்க்க முடியாமல் போனால், அடுத்த புதன்கிழமை நாய் வராது. அதை முதல் நாளிலேயே உரிமையாளரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.